கொலை வழக்குக்காரருக்கு நீதிபதி, அகதிக்கு ஒரு கையெழுத்து

நாளிதழ்களில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: "நாடு கடத்தல்". மும்பை குண்டுவெடிப்பு வழக்கின் அபு சலீமைப் போர்ச்சுகலில் இருந்து கொண்டுவந்ததும் நாடு கடத்தல், வெளிநாட்டவரை அடைத்துவைக்கிற திருச்சி சிறப்பு முகாமில் இருந்து ஒருவரைக் கொழும்பு விமானத்தில் ஏற்றினால் அதுவும் நாடு கடத்தல். சட்டத்தில் இவை இரண்டும் வேறு வேறு. முதலாவது ஒப்படைப்பு. "இவர் எங்கள் நாட்டில் குற்றம் செய்தவர், விசாரிக்கணும், கொடுங்கள்" என்று இன்னொரு அரசு கேட்கிறது, நாம் கொடுக்கிறோம். இரண்டாவது வெளியேற்றம். யாரும் கேட்கவில்லை. "நீ இங்கே இருக்கக் கூடாது" என்று நாமே அனுப்புகிறோம்.

வக்கீல்கள் வெட்டியாக மயிர் பிளக்கிற வேலை என்று தோன்றலாம். மதுரைப் பக்கத்து ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி முகாம்களில் இருக்கிற இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு எல்லாமே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ஒப்படைப்புக்கு 1962-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. கோரிக்கை தூதரகம் வழியாக வெளியுறவு அமைச்சகத்துக்கு வரும். அமைச்சகம் ஒரு மாஜிஸ்திரேட்டை விசாரிக்கச் சொல்லும், பெரும்பாலும் டெல்லி பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றத்தில். முதல் பார்வைக்கு வழக்கு நிற்கிறதா என்று அவர் பார்ப்பார். கேட்கப்பட்டவர் வக்கீல் வைத்துக்கொள்ளலாம், சாட்சியம் கொடுக்கலாம், "இது அரசியல் வழக்கு" என்று வாதாடலாம். சரி, கொடுக்கலாம் என்று மாஜிஸ்திரேட் முடிவெடுத்து ஆளைச் சிறைக்கு அனுப்பினாலும் 15 நாள் கழியாமல் ஒப்படைக்க 31-ஆம் பிரிவு விடாது. அந்த இடைவெளி உயர் நீதிமன்றம் போவதற்கு. அதன் பிறகும், ஒப்படைப்பது அநீதி என்று பட்டால் 29-ஆம் பிரிவின்படி மத்திய அரசு விடுவிக்கலாம். இரண்டு மாதமாகியும் கொண்டுபோகவில்லை என்றால் 24-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் விடுதலை கேட்கலாம். "அங்கே போனால் அடித்தே கொன்றுவிடுவார்கள்" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல இத்தனை படிகளில் ஏதோ ஒரு படியிலாவது இடம் கிடைத்துவிடும்.

வெளியேற்றத்தில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் வந்திருக்கிறது. பழையதில் "அகதி" என்றொரு வகை இல்லை, புதியதிலும் இல்லை. 2015 ஜனவரி 9-க்கு முன்னால் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்தில் இருந்து விலக்கு கொடுத்து ஓர் ஆணை போட்டார்கள். நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2022-ல் பொருளாதாரம் நொறுங்கியபோது பிள்ளைகளோடு படகேறி அரிச்சல்முனையில் இறங்கியவர்கள் அந்தத் தேதிக்குள் வரமாட்டார்கள். விலக்கு பெற்றவர்களுக்கும் அது தண்டனையில் இருந்து விலக்குதான், "திருப்பி அனுப்பமாட்டோம்" என்ற உறுதி இல்லை.

ஆக, கொலை செய்துவிட்டு ஓடிவந்ததாகச் சொல்லப்படுகிறவருக்கு ஒரு மாஜிஸ்திரேட்டும் 15 நாளும் கிடைக்கும். ஒரு குற்றமும் செய்யாமல் தப்பி வந்தவருக்குக் கிடைப்பது ஓர் அதிகாரியின் கையெழுத்து.

1955-ல் உச்ச நீதிமன்றம் ஹான்ஸ் முல்லர் வழக்கில், வெளிநாட்டவரை வெளியேற்ற அரசுக்குக் கட்டற்ற அதிகாரம் உண்டு என்றது. இன்றைக்கு வரைக்கும் அரசு வக்கீல்கள் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு பகுதி இருக்கிறது, அதை யாரும் வாசிப்பதில்லை. வெளியேற்றப்படுகிறவர் சுதந்திர மனிதராக நாட்டைவிட்டுப் போகிறார். ஒப்படைக்கப்படுகிறவர்தான் கைதியாகப் போய் அந்தப் பக்கமும் கைதியாக இறங்குகிறார் என்கிறது. இங்கே போலீஸ் காவலில் விமானத்தில் ஏற்றி, அங்கே போலீஸ் காவலில் இறக்கினால் அதற்குப் பெயர் என்ன? வெளியேற்றம் என்ற பெயரில் நடக்கிற ஒப்படைப்பு. இலங்கையோடு நமக்கு 1978 முதல் ஒப்படைப்பு ஏற்பாடு இருக்கிறது. ஒருவர் மேல் உண்மையிலேயே வழக்கு இருந்தால் அந்த வழியில் கேட்கலாம். கேட்டால் ஆதாரம் காட்டணும், மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கணும். கேட்காமலே ஆள் வந்து சேரும்போது யார் மெனக்கெடுவார்கள்?

2025 மே மாதம், உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை முடித்த இலங்கைத் தமிழர் ஒருவர் திரும்பப் போனால் உயிருக்கு ஆபத்து என்று உச்ச நீதிமன்றம் போனார். இந்தியா என்ன தர்ம சத்திரமா என்று கேட்டது நீதிமன்றம். வேறு நாட்டுக்குப் போங்கள் என்றும் சொன்னது. பாஸ்போர்ட் இல்லாதவர் எந்த நாட்டுக்கு? சத்திரம் என்றதும் மதுரைக்காரருக்கு ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற மங்கம்மாள் சத்திரம்தான் நினைவுக்கு வரும். எந்தச் சத்திரத்திலும் வந்தவரிடம் பேர் என்ன, ஊர் எது, எதற்காக வந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நோட்டு உண்டு. நாம் கேட்பது அந்த ஒரு நோட்டைத்தான்.

எல்லா இலங்கைத் தமிழருக்கும் ஆபத்து என்று பொத்தாம் பொதுவாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வாதம் உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவரின் வழக்கைத்தான் கெடுக்கிறது. பிரிட்டனின் குடியேற்ற மேல் தீர்ப்பாயம் 2013-ல் ஜி.ஜே. வழக்கில் சில வகைகளைப் பிரித்துச் சொன்னது: போருக்குப் பிந்தைய தனிநாட்டு அரசியலில் முக்கியப் பங்கு வகிப்பவராகக் கருதப்படுகிறவர்கள், அரசை விமர்சித்த பத்திரிகையாளர்கள், மனித உரிமைக்காரர்கள், போர்க் குற்றங்களுக்குச் சாட்சி சொன்னவர்கள், பிடிவாரண்டோ நீதிமன்ற உத்தரவோ இருந்து விமான நிலையக் கணினியில் தடுப்புப் பட்டியலில் பெயர் ஏறியவர்கள். மனு எழுதும்போது இதில் எதில் வருகிறோம் என்று ஆதாரத்தோடு காட்டணும். "நான் தமிழன், எனக்குப் பயம்" என்ற ஒரு வரி எங்கேயும் நிற்காது.

பயத்துக்குக் காரணம் காகிதத்திலேயே இருக்கிறது. இலங்கையின் 1979-ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடைச் சட்டம், 16-ஆம் பிரிவு: உதவி எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லும். மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கிற பொறுப்பு கைதியின் தலையில். நம்மூரில் சாதாரண வழக்கில் போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது; அப்படியும் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். செல்லும் என்று சட்டமே சொன்னால், அடிப்பதற்குக் கூலி கொடுத்த மாதிரி. 2022-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி தடுப்புக் காவலின் உச்சவரம்பை 18 மாதத்தில் இருந்து 12 ஆக்கினார்கள். வாக்குமூலப் பிரிவைத் தொடவில்லை.

இனி ஆதாரம். வழக்குகள் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான்.

முதல் பள்ளம், வந்திறங்கிய அன்று கொடுத்த வாக்குமூலம். மண்டபத்தில் கியூ பிராஞ்ச் (தமிழகக் காவல்துறையின் உளவுப் பிரிவு) கேட்கும்போது ஈர உடையோடு நிற்கிறவர் "இயக்கத்துக்கு உதவினேன் என்று பிடித்துப்போய் அடித்தார்கள்" என்று சொல்வாரா? "விலைவாசி தாங்க முடியல" என்பார். பத்து வருடம் கழித்து அடித்த கதையைச் சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று அந்தத் தாளை எடுத்துக் காட்டுவார்கள். அந்த முரண்பாட்டை மறைக்கக் கூடாது. எதிர்த்தரப்பு எடுப்பதற்கு முன்னால் நம் பிரமாணப் பத்திரத்திலேயே, அன்று இப்படிச் சொன்னேன், காரணம் இது என்று எழுதிவிடணும். தேதி நினைவில்லை என்றால் "மாவீரர் நாளுக்கு முந்தின வாரம்", "தங்கச்சி கல்யாணத்துக்கு அப்புறம்" என்று நிகழ்வோடு சேர்த்து எழுதலாம். குத்துமதிப்பாக ஒரு தேதியைப் போட்டுவிட்டு மூன்று மனுவில் மூன்று தேதி வருவதுதான் ஆபத்து.

இரண்டாவது, உடம்பு. அரசு மருத்துவமனையில் வழக்கமாகக் கொடுக்கிற காயச் சான்று "சாதாரணம்", "கொடுங்காயம்" என்பதோடு நின்றுவிடும். பழைய தழும்புக்கு அது உதவாது. இதற்கென்று 1999-ல் உருவாகி 2022-ல் திருத்தப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை இருக்கிறது. ஒவ்வொரு தழும்பையும் தனித்தனியாக எடுத்து, எங்கே, எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம், விளிம்பு எப்படி என்று எழுதி, அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, சொல்லப்படும் காரணத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்து படிகளில் மதிப்பிடணும்: பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, இந்த வகைச் சித்திரவதையில் வழக்கமாகக் காண்பது, இதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. தழும்பே விடாத அடிகளும் உண்டு, உள்ளங்காலில் அடிப்பது மாதிரி. அதனால் மனநல மருத்துவர் பரிசோதனையும் சேர வேண்டும். தூக்கமின்மை, திடுக்கிடல், மறதி எல்லாம் அங்கே பதிவாகும். தேதி குழம்புவதற்கான விளக்கமும் பல நேரம் அந்த அறிக்கையில்தான் கிடைக்கும்.

விளிம்பு எப்படி என்பது ஏன் முக்கியம்? பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் தீர்த்த கே.வி. வழக்கைப் பாருங்கள். இலங்கைத் தமிழர். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட தழும்புகள் கையிலும் முதுகிலும். கையில் இருந்தவற்றின் விளிம்பு மங்கி இருந்தது, முதுகில் கோடு கிழித்த மாதிரி தெளிவாக இருந்தது. முதுகில் தெளிவாக இருக்கிறதே, ஆடாமல் அசையாமல் படுத்துக்கொண்டு யாரையோ வைத்துத் தானே சுடவைத்திருப்பார் என்று கீழ்த் தீர்ப்பாயத்தில் சந்தேகப்பட்டார்கள். மருத்துவர் அறிக்கை அவர் சொன்னதோடு ஒத்துப்போனது: கையில் சுட்டபோது நினைவு இருந்தது, உதறினார், விளிம்பு கலைந்தது, வலியில் மயங்கிய பிறகு முதுகில் சுட்டார்கள், அசைவில்லை. அகதி அந்தஸ்துக்காக மயக்க மருந்து போட்டு முதுகைச் சுட்டுக்கொள்கிறவர் மிக மிக அபூர்வம் என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் வழக்கைத் திரும்ப விசாரிக்க அனுப்பியது. அந்த விளிம்பை மருத்துவர் குறித்து வைக்காமல் "பழைய தீத்தழும்பு" என்று எழுதியிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும்.

காகிதம் உடம்பைப் பார்க்காமல் எழுதப்பட்டால் என்ன ஆகும் என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். 2020-ல் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனபோது, ரிமாண்டுக்குத் தகுதி என்ற மருத்துவச் சான்று கோப்பில் இருந்தது.

"சித்திரவதை செய்யமாட்டோம் என்று அந்த நாட்டிடம் எழுதி வாங்கிக்கொண்டால் போதாதா?" என்று கேட்பார்கள். அபு சலீம் வழக்கில் தூக்குத் தண்டனை கிடையாது, 25 வருடத்துக்கு மேல் சிறை கிடையாது என்று இந்தியா எழுதிக் கொடுத்தது. அதை மதிக்கணும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தண்டனை பற்றிய உறுதிமொழி பலிக்கும், ஏனென்றால் தண்டனை திறந்த நீதிமன்றத்தில் அறிவிக்கப்படுவது. அடி பூட்டிய அறையில் விழுவது. 2001 டிசம்பரில் ஸ்வீடன் அகிசா என்பவரை எகிப்தின் உறுதிமொழியை நம்பி அனுப்பியது. தூதரகத்தில் இருந்து போய்ப் பார்த்தார்கள்கூட. அவர் அங்கே சித்திரவதைக்கு ஆளானார், அனுப்பியதே சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை மீறியது என்று அதன் குழு 2005-ல் சொன்னது.

தேசப் பாதுகாப்பு பேசுகிறவர்கள் கவனிக்கிறார்களோ இல்லையோ, இதே கேள்வி நம்மையும் திருப்பி அடிக்கிறது. மேற்கு வங்கத்தில் விமானத்தில் இருந்து ஆயுதங்களைப் போட்ட புருலியா வழக்கில் கிம் டேவியை டென்மார்க் 2011-ல் தர மறுத்தது, 2024-லும் மறுத்தது. வரி ஏய்ப்பு வழக்கில் இந்தியா கேட்ட ஆயுதத் தரகர் சஞ்சய் பண்டாரியை 2025 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் விடுவித்தது. இரண்டிலும் காரணம், இந்தியக் காவலில் என்ன நடக்கும் என்ற அச்சம். அதே ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் நாம் 1997-ல் கையெழுத்துப் போட்டோம், இன்றுவரை உறுதி செய்யவில்லை. 2010-ல் மக்களவை ஒரு சித்திரவதைத் தடுப்பு மசோதாவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் தேங்கிக் காலாவதியானது. 2017-ல் சட்ட ஆணையம் மறுபடி பரிந்துரைத்தது. டேவியும் பண்டாரியும் வரவில்லையே என்று கோபப்படுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அந்த மசோதா என்ன ஆனது என்பது.

சரி, சட்டம் வரும் வரைக்கும்? ஒத்தக்கடையில் இருக்கிற உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான் கதி. மண்டபம் முகாம், திருச்சி சிறப்பு முகாம் இரண்டும் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகின்றன. உயிர் வாழும் உரிமை தருகிற அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு குடிமகன் அல்லாதவருக்கும் பொருந்தும். ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பாமை அதற்குள் அடங்கும் என்று 1998-ல் குஜராத் உயர் நீதிமன்றமும் 2021-ல் மணிப்பூர் உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. எதிரே 2021 ஏப்ரலில் ரோஹிங்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு நிற்கும்: வெளியேற்றப்படாமல் இருக்கும் உரிமை குடிமக்களுக்கானது, ஆனால் உரிய நடைமுறை இல்லாமல் அனுப்பக் கூடாது. அந்த "உரிய நடைமுறை"யைத்தான் கெட்டியாகப் பிடிக்கணும். சித்திரவதைப் பயத்தைக் கேட்டு, காரணம் எழுதி, முடிவைத் தமிழில் கொடுத்து, மேலே போக 15 நாள் விடுவதுதான் நடைமுறை என்று வாதாடலாம். ஒப்படைப்புச் சட்டத்தில் அதுதானே இருக்கிறது.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதற்கு முன் மறுவாழ்வுத் துறைக்கும் உள்துறை அமைச்சகத்துக்கும் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு தபாலில் மனு போயிருக்கணும். அது இல்லாத ரிட் முதல் நாளே நிற்காது. பாஸ்போர்ட் கேட்டோ அவசரப் பயண ஆவணம் கேட்டோ சென்னையில் இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்துக்குக் கடிதம் போகும்போது, ஏன் பயப்படுகிறோம் என்பதை அதில் ஒரு வரிகூட எழுதக் கூடாது. யாரிடம் இருந்து தப்பி வந்தோமோ அவர்கள் கையில் போகிற தாள் அது. கடைசியாக, இடைக்கால வேண்டுதல். மனுவைப் பரிசீலித்து 12 வாரத்துக்குள் முடிவெடுக்கவும் என்று உத்தரவு வாங்கிக்கொண்டு வெற்றி என்று வீட்டுக்குப் போகிறார்கள். 12 வாரம் என்பது 84 நாள். மதுரையில் இருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். "மனு மீது முடிவெடுத்து, அந்த முடிவு கையில் கிடைத்து 15 நாள் கழியும் வரை மனுதாரரை இந்தியாவில் இருந்து அகற்றக் கூடாது" என்ற வரி வேண்டுதலில் தனியாக இருக்கணும்.