செவிச்சே ஊறுவது சில நிமிடம்தான்
பெரு நாட்டின் செவிச்சே, அதாவது எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கும் பச்சை மீன் உணவு. அதற்கு மீனை 3 மணி நேரம் ஊறவைப்பதாக ஒரு கட்டுரையில் இருக்கிறது. அது பழைய பாணி. இப்போது தலைநகர் லிமாவில் ஆர்டர் வந்த பிறகுதான் கலக்குவார்கள்: 2 செ.மீ. துண்டுகள், முதலில் உப்பு, பிறகு சாறு, சில நிமிடத்தில் மேசைக்கு வந்துவிடும். ஓரம் வெளுத்து, நடுவில் பச்சையாகவே இருக்கணும். பிட்டால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தால் நேரம் கடந்துவிட்டது. சாறு கசந்தால் பழத்தை ஒட்டப் பிழிந்திருக்கிறார்கள். புளிப்பு மீனை வெளுக்க வைக்குமே தவிர ஒட்டுண்ணியைக் கொல்லாது. அதற்கு மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைத்த மீன் வேண்டும். அங்கே இது மதியச் சாப்பாடு. பல செவிச்சே கடைகள் மாலையிலேயே மூடிவிடும். பக்கத்தில் வைக்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு அலங்காரத்துக்கு இல்லை, புளிப்பையும் காரத்தையும் தணிக்க. தட்டில் மிஞ்சும் சாறுக்குப் பெயரே 'புலிப்பால்', அதை விட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள்!