க்ராஃபோர்டைத் தராசுல வச்சு மட்டும் எடை போடாதீங்க

(இது 2025-ல, சண்டைக்கு முன்னாடி எழுதுனது.) வர்ற ஞாயித்துக்கிழமை, 2025 செப்டம்பர் 14, காலைல நம்ம நேரத்துக்கு ஒம்போது மணி சுமாருக்கு மெக்சிகோ குத்துச்சண்டைக்காரர் கனேலோ அல்வாரெஸும் அமெரிக்காக்காரர் டெரன்ஸ் க்ராஃபோர்டும் லாஸ் வேகாஸ்ல ரிங் ஏறுவாங்க. அங்க அது சனிக்கிழமை ராத்திரி. நெட்ஃபிளிக்ஸ்ல வர்றதால தனியாக் காசு கட்டவும் வேண்டாம். அதனால இதுவரைக்கும் ஒரு சண்டைகூட முழுசாப் பார்க்காதவங்களும் கோரிப்பாளையம் டீக்கடைல இருந்து ரேஸ்கோர்ஸ் கிரவுண்டு வரைக்கும் தீர்ப்பு எழுதிக்கிட்டு இருக்காங்க. எல்லாருக்கும் தீர்ப்பு ஒண்ணுதான்: "க்ராஃபோர்ட் சின்ன உடம்பு, கனேலோ பெரிய உடம்பு. சோலி முடிஞ்சது."

அவ்வளவு சுலபமா முடியாது மாப்ள. க்ராஃபோர்ட் ஜெயிப்பார்னு அடிச்சுச் சொல்ல வரல. தோக்குறதுன்னா எங்க தோப்பார், ஜெயிக்கிறதுன்னா எந்த வழியில ஜெயிப்பார்னு பார்த்துட்டுப் பேசுவோம்.

மொதல்ல எடை. க்ராஃபோர்ட் 2014-ல கிளாஸ்கோவுல ரிக்கி பர்ன்ஸை ஜெயிச்சு முதல் பட்டம் வாங்குனது 135 பவுண்டு எடைப் பிரிவுல, அதாவது 61 கிலோ. அப்புறம் 140, 147, 154. இப்ப ஏறப்போறது 168, அதாவது 76 கிலோ. போன சண்டைக்கும் இதுக்கும் 14 பவுண்டு வித்தியாசம், நம்ம கணக்குல ஆறு கிலோவுக்கு மேல. நடுவுல 160-ங்கிற படியைத் தொடாமலே தாண்டுறார். ஆனா கனேலோ மட்டும் பெரிய ஆளா? அவரும் 154-ல பட்டம் வாங்கி மேல வந்தவர்தான். ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே உயரம். கை நீளத்துல க்ராஃபோர்டுக்கு 74 இஞ்ச், கனேலோவுக்கு 70.5. சின்ன ஆளுன்னு சொல்ற ஆளுக்குத்தான் மூணரை இஞ்ச் கூடுதல்.

அப்ப எடை ஒண்ணுமில்லையான்னா, இருக்கு. ஆனா நீங்க நினைக்கிற இடத்துல இல்ல. குத்துல வர்ற வலியை விட, உரசலுக்குள்ள மேல சாயுற பாரம்தான் ஆளைத் தின்னும். பெரிய ஆள் தோளைப் போட்டுச் சாஞ்சு, கயித்துப் பக்கம் தள்ளித் தள்ளியே சின்னவனோட காலை உறிஞ்சிருவான். இன்னொண்ணு, புதுசா ஏத்துன தசைக்கும் மூச்சு வேணும். ஆறாவது ரவுண்டு வரைக்கும் தெரியாது. ஒம்பதாவதுல முட்டி சொல்லும்.

கையுறையையும் கவனிங்க. 147 வரைக்கும் 8 அவுன்ஸ், அதுக்கு மேல 10 அவுன்ஸ். க்ராஃபோர்ட் தொடர்ச்சியா 11 பேரை நிறுத்துனது, அதாவது 12 ரவுண்டு ஓட விடாம பாதியிலயே சண்டையை முடிச்சது, 8 அவுன்ஸ் கையுறையில. 2024 ஆகஸ்ட்ல 154-க்கு ஏறி மத்ரிமோவோட மோதுனப்ப அந்த ஓட்டம் நின்னு போச்சு. 12 ரவுண்டு முழுசா ஓடி, மூணு நடுவரோட புள்ளி அட்டையில 115-113, 115-113, 116-112-ன்னுதான் ஜெயிச்சார். பஞ்சு கூடுச்சு, எதிராளி எலும்பும் கூடுச்சு. அதனால "க்ராஃபோர்ட் நாக்அவுட் பண்ணுவார்"ன்னு கத்துற ரசிகர்களும் கொஞ்சம் தண்ணி குடிங்க. 168-ல கனேலோவைக் கீழ போடுற சக்தி அவர் கையில இருக்கிறதா எனக்குப் படல. தொழில்முறைச் சண்டையில கனேலோவை இதுவரைக்கும் யாரும் நிறுத்துனதே இல்ல.

சரி, எடை தாண்டி மேல போனவங்களுக்கு என்ன ஆச்சு? கெல் புரூக் 2016-ல 147-ல இருந்து 160-க்குப் போய் கோலோவ்கினோட மோதுனார். ஆரம்பத்துல அருமையா ஆடுனார். கண்ணுக்குழி எலும்பு உடைஞ்சு, அஞ்சாவது ரவுண்டுல சண்டை போதும்னு அவர் கார்னர்ல இருந்து துண்டு பறந்துச்சு. அதே வருஷம் அமீர் கான் இதே கனேலோகிட்ட வேகத்தைக் காட்டிக்கிட்டு இருந்தார், ஆறாவதுல ஒரே வலதுகை, அவ்வளவுதான். கானுக்கு வேகம் இருந்துச்சு, அடி தாங்குற தாடை பத்தல. 2023-ல ஜெர்மெல் சார்லோவும் 154-ல இருந்து நேரா 168-க்குத்தான் ஏறுனார், க்ராஃபோர்ட் இப்பப் பண்ற அதே வேலை. ஏழாவதுல ஒரு தடவ கீழ விழுந்து, 119-108, 118-109, 118-109-ன்னு தோத்தார். எல்லாரும் தூக்கிட்டு வர்ற உதாரணம் இதுதான். ஆனா சார்லோவை எடை தோக்கடிச்சதை விட, குத்தே விடாதது தோக்கடிச்சது. பன்னண்டு ரவுண்டும் உயிரோட நின்னாப் போதும்னு ஆடுன மாதிரி இருந்துச்சு.

மறுபக்கமும் இருக்கு. ரோபர்ட்டோ டுரான் 1989-ல 37 வயசுல 160-க்குப் போய் ஐரன் பார்க்லியை ஜெயிச்சார். க்ராஃபோர்டுக்கும் இப்ப 37. ரே லெனார்ட் 1987-ல ஹாக்லரை ஜெயிச்சதுதான் இதுல பாடம். மூணு வருஷம் சண்டையே போடாம வந்த ஆளு. ரிங் ஏறுறதுக்கு முன்னாடியே பாதிச் சண்டையை ஒப்பந்தத்துலயே முடிச்சுட்டார்: 15 இல்ல 12 ரவுண்டு, பெரிய ரிங், 10 அவுன்ஸ் கையுறை. உள்ள போனப்புறம் ஒவ்வொரு ரவுண்டோட கடைசி அரை நிமிஷத்துல படபடன்னு கை விட்டு நடுவர் கண்ணுல அந்த ரவுண்டை எழுத வச்சார். இன்னைக்கும் அந்தத் தீர்ப்பைப் பத்திச் சண்டை ஓயல, அது வேற.

நம்மூர்க்காரங்களுக்கு இதை விளக்க ரொம்பச் சிரமப்பட வேண்டாம். வாடிவாசல்ல இருந்து வர்ற மாட்டுல ஓடுற மாடு இருக்கு, நின்னு விளையாடுற மாடு இருக்கு. ஓடுற மாட்டைப் பிடிக்க முடியாட்டியும் யாரும் அதைப் பத்திப் பேசுறதில்ல. நின்னு, திரும்பி, கொம்பைக் காட்டி, கிட்ட வந்தவனைப் பின்னால நகர வைக்கிற மாட்டுக்குத்தான் அலங்காநல்லூர்ல விசில் பறக்கும். போன மே மாசம் ரியாத்துல வில்லியம் ஸ்கல் கனேலோகிட்ட ஓடுனார். கனேலோ 12 ரவுண்டுல விட்டது மொத்தமே 152 குத்து, ரவுண்டுக்கு 13-கூட இல்ல. அவ்வளவு கொஞ்சமா விட்டும் கனேலோதான் ஜெயிச்சார், ஏன்னா எதிர்ல ஓடுனவனுக்கு யாரும் ரவுண்டு எழுத மாட்டாங்க. க்ராஃபோர்டும் ஓடுனாத் தோப்பார். நடுவுல நின்னு, கனேலோ ஒரு எட்டு எடுத்து வைக்கிறப்பவே ஜாப்பால (முன்னால நீட்டியிருக்கிற கையால நேரா விடுற குத்து) நிறுத்தி, அரை எட்டு விலகி, மறுபடி அங்கயே நிக்கணும்.

அதுக்கு அவர்கிட்ட சரக்கு இருக்கு. பிறவியில வலதுகைக்காரர், ஆனா பெரும்பாலும் இடதுகைக்காரன் மாதிரி நிப்பார். அதாவது முன்னால இருக்கிறதே பலமான கை. அந்த ஜாப் சும்மா தொட்டுப் பார்க்கிற ஜாப் இல்ல, தலையைப் பின்னால தள்ளும். 2023-ல ஸ்பென்ஸை ரெண்டாவதுல ஒரு தடவ, ஏழாவதுல ரெண்டு தடவ கீழ போட்டு ஒம்பதாவதுல நிறுத்துனப்ப மொத்தச் சண்டையும் முன்னால இருக்கிற அந்தக் கையிலதான் ஓடுச்சு.

கனேலோவுக்கு இடதுகைக்காரங்க புதுசில்ல. 2014-ல லாரா நகர்ந்துக்கிட்டே ஆடி ரொம்பத் திணற வச்சார், மூணு நடுவர்ல ஒருத்தர் லாராவுக்கே கொடுத்தார். 2021-ல சாண்டர்ஸ் கதை வேற. ஏழு ரவுண்டு சமாளிச்சார். கனேலோ வலதுகையை ஓங்குறப்பல்லாம் ஒரே மாதிரி குனிஞ்சார். எட்டாவதுல கீழ இருந்து வலது அப்பர்கட் வந்துச்சு, முக எலும்பு நொறுங்கிருச்சு. ஒரே பழக்கத்தை ரெண்டு தடவைக்கு மேல காட்டுனா கனேலோ மூணாவதுல தண்டனை கொடுப்பார். க்ராஃபோர்ட் அந்தத் தப்பை அதிகம் பண்ணாதவர். ஆனா அடி வாங்குனா ரோஷம் வந்து எதிர்ல நின்னு மாத்தி மாத்தி அடிக்கிற குணம் உண்டு. 147-ல அது அழகு. 168-ல அது ஆபத்து.

"பிவோல் பண்ணுன மாதிரி பண்ணாப் போதும்"னு சில பேர் எழுதுறீங்க. 2022-ல பிவோல் மூணு அட்டையிலயும் 115-113-ன்னு ஜெயிச்சார், உண்மை. ஆனா பிவோல் 175 பவுண்டு ஆள். கனேலோ கிட்ட வந்தா உடம்பாலயே தாங்கிக்கிட்டார், கையில விழுந்த அடியை வாங்கிக்கிட்டே கொத்துக் கொத்தா திருப்பிக் கொடுத்தார். கனேலோ மணிக்கட்டு, முழங்கை, தோள்பட்டைன்னு பார்க்காம வேணும்னே கையையே அடிப்பார், ஏழாவது ரவுண்டுல தடுக்கத் தூக்குன கை தானா இறங்கட்டும்னு. பிவோலோட கை அதைத் தாங்குச்சு. க்ராஃபோர்ட் அந்த அடியை வாங்கவே கூடாது. அவருக்குப் பொருத்தமான பாடம் பிவோல் இல்ல, 2013-ல மேவெதர். 36 வயசுல, தன்னை விடக் கனமான கனேலோவைத் தூரத்தை வச்சே குழப்பினார். அப்ப கனேலோவுக்கு 23 வயசு, இப்ப 35. அனுபவம் கூடியிருக்கு, கால் குறைஞ்சிருக்கு.

இப்ப அட்டைக் கணக்கு. நாக்அவுட் இல்லைன்னா 12-ல 7 ரவுண்டு வேணும். க்ராஃபோர்டோட பெரிய பலவீனம் இங்கதான். மொதல் ரெண்டு மூணு ரவுண்டை எதிராளியைப் படிக்கிறதுக்கே செலவு பண்ணுவார். மத்தவங்ககிட்ட அது பரவாயில்ல, பின்னால நிறுத்திருவார். இங்க நிறுத்த முடியாது, 3-0-ன்னு பின்தங்கிட்டா மீதி ஒம்பதுல ஏழை எடுக்கணும். அதுவும் வேகாஸ்ல, மெக்சிகோ சுதந்திர தின வாரத்துல, கனேலோவோட கூட்டத்துக்கு முன்னாடி. மேவெதர் அவ்வளவு தெளிவா ஜெயிச்ச சண்டைக்கே ஒரு நடுவர் 114-114 போட்டாங்க. 2017-ல கோலோவ்கின் சண்டையில ஒரு நடுவர் கனேலோவுக்கு 118-110 போட்டு ஊர் சிரிச்சது, சண்டை சமன்ல முடிஞ்சது. நெருக்கமான ரவுண்டு எல்லாம் கனேலோ பக்கம் சாயும்னு வச்சுக்கிட்டுத்தான் கணக்குப் போடணும்.

13 மாசமா சண்டை போடாம இருந்ததும் சின்ன விஷயம் இல்ல. 37 வயசுல கண்ணு பார்க்கும், கை அரை நொடி தாமதமாப் போகும். ஒரே ஆறுதல், எடை குறைக்கிற பட்டினி கிடையாது.

என் கணக்கு: க்ராஃபோர்டுக்கு நூத்துக்கு நாப்பத்தஞ்சு, அதுவும் புள்ளியில மட்டும், 115-113 மாதிரி. ஞாயித்துக்கிழமை பார்க்கும்போது மூஞ்சியைப் பார்க்காதீங்க, பாதத்தைப் பாருங்க. க்ராஃபோர்டோட முன்கால், அதாவது வலது கால், கனேலோவோட இடது காலுக்கு வெளிப்பக்கம் இருக்கான்னு கவனிங்க. இருந்தா அவர் இடதுகைக்கு நேர்வழி திறந்திருக்கும், கனேலோ ஒவ்வொரு தடவையும் திரும்பி நிக்கணும். உள்பக்கம் மாட்டுனா கனேலோவோட வலதுகை நேரா நடுவுல வரும். அப்புறம் கயிறு. க்ராஃபோர்ட் முதுகு ஒரு ரவுண்டுல மூணு தடவைக்கு மேல கயித்தைத் தொட்டா அந்த ரவுண்டு போயிருச்சுன்னு எழுதிக்கங்க.

நாலு ரவுண்டு முடியும்போது க்ராஃபோர்ட் கையில ரெண்டு ரவுண்டாவது இருக்கணும். ஒண்ணுதான்னா என் நாப்பத்தஞ்சை இருபதாக் குறைச்சுக்கங்க. மூணுன்னா, கனேலோ ஜெயிப்பார்னு பரோட்டா பந்தயம் கட்டுன தம்பிங்க பர்ஸைத் தடவிப் பார்த்துக்கங்க.