ஃபாஸ்டரின் வறுமைக்குச் சட்டம் மட்டுமா காரணம்?
அமெரிக்கப் பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான ஸ்டீபன் ஃபாஸ்டர் 1864இல் நியூயார்க்கில் வெறும் 38 சென்ட்டுடன் இறந்ததற்கு, அன்றைய அமெரிக்காவில் பாடல்களுக்குக் காப்புரிமைச் சட்டமே இல்லாததுதான் காரணம் என்று ஒரு கட்டுரை கூறுவதை ஏற்க இயலவில்லை. 1831ஆம் ஆண்டுச் சட்டம் இசைப்படைப்புகளையும் பெயர் சுட்டிப் பாதுகாத்தது. ஃபாஸ்டரும் ஃபர்த், பாண்ட் பதிப்பகத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, விற்பனையான இசைத்தாள்களுக்கு (பாடலின் இசைக்குறிப்பை அச்சிட்ட தாள்கள்) உரிமைத்தொகை பெற்றவர்தான். சட்டத்தின் ஓட்டை வேறிடத்தில் இருந்தது: அது அச்சுப் படிகளை மட்டுமே காத்ததால், அவருடைய பாடல்களை ஊர் ஊராக மேடையேற்றிப் பணம் பார்த்த குழுக்கள் அவருக்கு எதுவும் தர வேண்டியிருக்கவில்லை, பொது மேடையில் பாடுவதற்கான உரிமை 1897இல்தான் சட்டத்தில் இடம்பெற்றது. அதைவிடப் பெரிய இழப்பு, 1857இல் பணமுடையால், அதுவரை வெளியான தம் பாடல்களின் எதிர்கால உரிமைத்தொகையை 1,900 டாலருக்கும் குறைவாக அவரே விற்றுவிட்டது. அச்சு வருமானத்தை விட்டுக்கொடுக்காதவரின் நிலை வேறு: அந்த மேடை உரிமை வருவதற்கு முன்பே, 1892இல், தம் ‘ஆஃப்டர் த பால்’ பாடலைப் பதிப்பகத்திடம் கொடுக்காமல் தாமே வெளியிட்ட சார்ல்ஸ் கே. ஹாரிஸ், பல லட்சம் இசைத்தாள்களை விற்றுச் செல்வந்தரானார். கடைசி ஆண்டுகளில் ஃபாஸ்டரின் எழுத்து வற்றிவிட்டது என்று அக்கட்டுரைக்குக் கருத்திட்ட நண்பர், 1863இல் ஜார்ஜ் கூப்பர் என்னும் இளம் பாடலாசிரியரின் வரிகளுக்கு அவர் அடுத்தடுத்து இசையமைத்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும். அவற்றில் பல நகைச்சுவைப் பாடல்கள்.