பாய், டேங்க்ல ஊத்த ஏதாவது கொடுங்க

(சென்னை ஜி.பி. ரோடு. கார் உதிரி பாகக் கடை. கல்லாவில் காதர் பாய். உள்ளே வருபவர் சேதுராமன். வங்கியில் ஓய்வு பெற்றவர், நங்கநல்லூர்வாசி. இந்தத் தெருவில் காரை நிறுத்த இடம் கிடைத்த பெருமிதம் முகத்தில் தெரிகிறது. அந்தப் பெருமிதத்தில் நியாயம் உண்டு.)

சேதுராமன்: பாய், வண்டி கரும்புகையா கக்குது. பின்னாடி வர்ற ஸ்கூட்டர்காரன் எல்லாம் திட்டிட்டுப் போறான். டேங்க்ல ஊத்த ஏதாவது கொடுங்க.

காதர் பாய்: எந்த வண்டி சார்?

சேதுராமன்: ஸ்விஃப்ட் டீசல். 2013.

காதர் பாய்: அருமையான இன்ஜினாச்சே! ஃபியட்டோட 1.3 மல்டிஜெட். மாருதி, டாடா, ஃபியட், செவர்லேன்னு ஒரு காலத்துல எந்த பானட்டைத் திறந்தாலும் அதான் இருக்கும். 2020-ல பிஎஸ் 6-ன்னு புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தப்பதான் மாருதி டீசலே வேணாம்னு விட்டாங்க.

சேதுராமன்: அதேதான். பெத்தவங்களே கைவிட்டாச்சு, நாமதான டானிக் கொடுத்துப் பாத்துக்கணும்? ஆக்டேன் பூஸ்டர் இருக்கா?

காதர் பாய்: அது பெட்ரோலுக்கு சார்.

சேதுராமன்: பரவால்ல, கொஞ்சம் கம்மியா ஊத்திக்கறேன்.

காதர் பாய்: ஐயோ, ரெண்டும் நேர் எதிர் சார். பெட்ரோல், ஸ்பார்க் வர்ற வரைக்கும் தானா பத்திக்காம இருக்கணும். அந்தப் பொறுமைக்குத்தான் ஆக்டேன்னு பேரு. டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காத்தை அழுத்துற சூட்டுலயே டீசல் சட்டுனு பத்திக்கணும். அந்த அவசரத்துக்குப் பேரு சீட்டேன்.

சேதுராமன்: பொறுமை ஒண்ணு, அவசரம் ஒண்ணு. எங்க வீட்லயும் அப்படித்தான். சரி, சீட்டேன் பூஸ்டரே கொடுங்க.

காதர் பாய்: காலைல வண்டி உடனே ஸ்டார்ட் ஆகுதா?

சேதுராமன்: சாவியைத் திருப்பினதும் ஆகுது.

காதர் பாய்: அப்ப அதுவும் வேணாம். இப்ப பங்க்ல வர்ற டீசலுக்கு சீட்டேன் 51-க்குக் குறையக் கூடாதுன்னு விதியே இருக்கு. உங்க இன்ஜினுக்கு அது தாராளம்.

சேதுராமன்: வெறும் 51-ஆ? எங்க காலத்துல 60 வாங்கினாத்தான் ஃபர்ஸ்ட் கிளாஸ்.

காதர் பாய்: வண்டி ஐஏஎஸ் பரீட்சையா சார் எழுதப் போகுது?

(சேதுராமன் தானே அலமாரிப் பக்கம் போய்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பாட்டில்களைப் படிக்கிறார்.)

சேதுராமன்: இது என்ன, ஆன்ட்டி ஜெல்?

காதர் பாய்: டீசல்ல மெழுகு மாதிரி ஒரு சத்து இருக்கு சார். கடுங்குளிர்ல அது உறைஞ்சு ஃபில்டரை அடைச்சிடும். அடைக்காம இருக்க ஊத்தறது. லடாக் பக்கம் தேவைப்படும். இந்தியன் ஆயில் 2019-ல அந்த ஊருக்குன்னே தனி டீசல் கொண்டு வந்தாங்களே, மைனஸ் 33 டிகிரி வரைக்கும் உறையாதுன்னு.

சேதுராமன்: நானும் மார்கழில நாலரை மணிக்கு பஜனைக்கு வண்டி எடுக்கறேன் பாய். மப்ளர் இல்லாம முடியல.

காதர் பாய்: மப்ளரை நீங்க கட்டிக்குங்க. டேங்க்குக்கு வேணாம். மெட்ராஸ் மார்கழி 20 டிகிரி.

சேதுராமன்: அப்புறம் எதுக்கு வெச்சிருக்கீங்க?

காதர் பாய்: ஜீப்ல லடாக் போறோம்னு நாலு பசங்க கேட்டாங்கன்னு ஒரு பெட்டி வரவழைச்சேன். அவங்க கடைசில கொடைக்கானல் போயிட்டாங்க.

சேதுராமன்: இந்த சிவப்பு பாட்டில்? டிபிஎஃப் கிளீனராம்.

காதர் பாய்: புகைக்குழாய்ல கரியைப் பிடிக்கிற வடிகட்டி ஒண்ணு இருக்கும், அதைச் சுத்தம் பண்ண. உங்க வண்டில அது கிடையாது.

சேதுராமன்: யாரு கழட்டினது?

காதர் பாய்: யாரும் கழட்டல சார். உங்க வண்டி பிஎஸ் 4. வரும்போதே இல்ல.

சேதுராமன் (சந்தேகத்துடன்): பாய், மனசு திறந்து கேக்கறேன். நல்ல சரக்கை வேற யாருக்கோ எடுத்து வெச்சிருக்கீங்களா? பக்கத்துக் கடையில நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மூணு பாட்டில் மேசைக்கு வந்துது. நீங்க பொண்ணைப் பெத்தவர் மாதிரி கேள்வி மேல கேள்வி கேக்கறீங்க.

(விற்க மாட்டேன் என்கிற கடைக்காரர் மேல்தான் நமக்கு முதலில் சந்தேகம் வரும். தள்ளிவிடுகிறவரிடம் பில் கூட வாங்க மாட்டோம்.)

காதர் பாய்: அந்தக் கடைக்காரர் நாளைக்கு அடையாளம் தெரியலைன்னுடுவார். நான் வித்தா, புகை நிக்கலைன்னு நீங்க என் வாசல்லதான் நிப்பீங்க. அது கிடக்கட்டும், டீசல் ஃபில்டர் எப்ப மாத்தினீங்க?

சேதுராமன்: அதெல்லாம் சர்வீஸ்ல பாத்திருப்பாங்க.

காதர் பாய்: சர்வீஸ் எப்ப விட்டீங்க?

சேதுராமன்: கொரோனாவுக்கு முன்னாடி.

(மௌனம். பாய் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு உட்காருகிறார்.)

காதர் பாய்: ஏர் ஃபில்டர்?

சேதுராமன்: அது வேற தனியா இருக்கா?

காதர் பாய்: சார், கரும்புகைன்னா டீசல் முழுசா எரியாம வெளிய வருதுன்னு அர்த்தம். எரியக் காத்து வேணும். ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தா காத்து எங்கேர்ந்து வரும்? பாட்டில்லயா காத்து அடைச்சு விக்கறாங்க?

சேதுராமன்: எங்க அபார்ட்மென்ட் வாட்ஸாப் குரூப்ல யாரும் ஏர் ஃபில்டரைப் பத்திப் பேசினதே இல்லியே. டீசலோட கொஞ்சம் டூ-டி ஆயில், அதான் பழைய ஸ்கூட்டர்ல பெட்ரோலோட கலப்போமே, அதைக் கலந்தா இன்ஜின் பட்டு மாதிரி ஓடும்னு பி பிளாக்ல சொன்னார்.

காதர் பாய்: அவர் என்ன வண்டி வெச்சிருக்கார்?

சேதுராமன்: சைக்கிள்.

காதர் பாய்: மாஷா அல்லாஹ்.

சேதுராமன்: சி பிளாக்காரர் கெரசின் கலக்கச் சொல்றார். புகையே வராதாம்.

காதர் பாய்: கொஞ்ச நாள்ல வண்டியே வராது. டீசல் பம்புக்குத் தனியா ஆயில் கிடையாது சார். டீசலோட வழுவழுப்புதான் அதுக்கு ஆயில். கெரசினுக்கு அந்த வழுவழுப்பு கம்மி. உங்க இன்ஜின்ல டீசல் ஆயிரம் பாருக்கு மேல, அதாவது வெளிக்காத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல அழுத்தத்துல போகுது. அங்க உலோகத்தோட உலோகம் உரசினா, பம்ப், இன்ஜெக்டர் எல்லாத்தையும் எடுத்துட்டு இதே கடைக்கு வரணும். அன்னிக்கு நான் ஒரு கேள்வியும் கேக்க மாட்டேன், பில்லுதான் போடுவேன்.

சேதுராமன்: இப்ப வர்ற டீசல்லயும் கந்தகத்தை எடுத்துட்டாங்க, அதனால வழுவழுப்பு போச்சுன்னு படிச்சேனே?

காதர் பாய்: பாதி சரி. பிஎஸ் 4-ல பத்து லட்சத்துல 50 பங்கு இருந்த கந்தகத்தை பிஎஸ் 6-ல 10 பங்காக் குறைச்சாங்க. கந்தகத்தை எடுக்கிற வேலையில வழுவழுப்பும் கொஞ்சம் போயிடும். அதுக்காக ரீஃபைனரிலயே வழுவழுப்புக்கு மருந்து சேர்த்துத்தான் அனுப்பறாங்க. இவ்வளவு இருக்கணும்னு அதுக்கும் அளவு இருக்கு.

சேதுராமன்: அப்ப நான் காசு கொடுத்து ஊத்தணும்னு நெனச்சதை அவங்க ஏற்கெனவே ஊத்திட்டாங்க.

காதர் பாய்: அதேதான். உங்களுக்கு முன்னாடியே உங்க கவலையைப் பட்டுட்டாங்க.

சேதுராமன்: ஆனா நம்ம ஊர்ல எரிபொருள் விஷயத்துல அதிசயம் நடக்காதுன்னு சொல்ல முடியாது பாய். 1996-ல ராஜபாளையம் பக்கத்துலேர்ந்து மூலிகை பெட்ரோல் வந்துதே! அன்னிக்கு லோன் கேட்டு என் மேசைக்கு வந்திருந்தா நானே சாங்ஷன் பண்ணியிருப்பேன்.

காதர் பாய்: நல்லவேளை வரல. அது மோசடின்னு போட்ட வழக்குல 2016-ல கோர்ட் மூணு வருஷம் தண்டனை கொடுத்துது. நீங்க சாட்சிக் கூண்டுல நின்னிருப்பீங்க.

(சேதுராமன் ஒரு பாட்டிலை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்.)

சேதுராமன்: இது? இன்ஜெக்டர் கிளீனர். இதுவும் வேஸ்ட்டா?

காதர் பாய்: இல்ல. இது ஒண்ணுதான் உருப்படி. சோப்பு மாதிரி ஒரு மருந்து. இன்ஜெக்டர் முனைல படிஞ்ச கசடைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைக்கும். விலை கூட உள்ள ஸ்பெஷல் டீசல்னு பங்க்ல விக்கிறாங்களே, அதுலயும் இதே வகை மருந்துதான் கலந்திருக்கும். ஆனா ஈஜிஆர்ல படிஞ்ச கரியை இது தொடாது.

சேதுராமன்: அது யாரு ஈஜிஆர்?

காதர் பாய்: புகையில கொஞ்சத்தைத் திரும்பவும் இன்ஜினுக்கே அனுப்புற வால்வு. நீங்க ஊத்தறது டீசலோட நேரா சிலிண்டருக்குள்ள போய் எரிஞ்சு தீர்ந்துடும், அந்த வால்வை எட்டிக்கூடப் பாக்காது. அதைக் கழட்டித்தான் சுத்தம் பண்ணணும்.

சேதுராமன்: பாட்டில் மேல "மைலேஜ் கூடும்"னு போட்டிருக்கே. விலை எவ்வளவு?

காதர் பாய்: 450.

(இந்த இடத்தில் ஓய்வு பெற்ற வங்கிக்காரர் விழித்துக்கொள்கிறார். சட்டைப் பையிலிருந்து பேனா வருகிறது.)

சேதுராமன்: டேங்க் 42 லிட்டர். லிட்டர் 92 ரூபான்னு வெச்சுக்குவோம். 3,864. அதோட 450. கிட்டத்தட்ட பன்னெண்டு பர்சென்ட் கூட. அப்ப 18 கொடுக்கற வண்டி 20-க்கு மேல கொடுத்தாத்தான் பாட்டில் காசே திரும்பும்! லாபம் அதுக்கப்புறம்தான்!

காதர் பாய்: நாலு பாட்டில் ஊத்தினா 26 கொடுக்குமான்னு கேப்பீங்கன்னு நெனச்சேன்.

சேதுராமன்: நான் லோன் செக்‌ஷன்ல இருந்தவன் பாய்.

காதர் பாய்: இன்னொரு கணக்கு. இந்த பாட்டில் முழு டேங்க்குக்கு. இப்ப உங்க டேங்க்ல எவ்வளவு இருக்கு?

சேதுராமன்: முள்ளு அடில இருக்கு. நான் எப்பவும் ஐந்நூறு ரூபாக்குத்தான் போடுவேன். விலை குறையும்னு எதிர்பாக்கறேன்.

காதர் பாய்: எத்தனை வருஷமா?

சேதுராமன்: வண்டி வாங்கினதுலேர்ந்து.

காதர் பாய்: அஞ்சு லிட்டர் டீசலுக்கு ஒரு பாட்டில் ஊத்தக் கூடாது சார்.

சேதுராமன்: பாலாடைல அளந்து ஊத்தட்டுமா? பேரனோடது வீட்ல இருக்கு.

காதர் பாய்: வேணாம். டேங்க்கைக் காலியாவே வெச்சிருந்தா உள்ள காத்துல இருக்கற ஈரம் வேர்த்துத் தண்ணியா அடில சேரும். அதைத்தான் டீசல் ஃபில்டர் பிடிச்சு வைக்குது. கீழ ஒரு திருகு இருக்கும், அதைத் தளர்த்தித் தண்ணியை இறக்கணும். நீங்க ஃபில்டரையே பாக்கல. சரி, வண்டி எங்கெல்லாம் போகும்?

சேதுராமன்: ஆஞ்சநேயர் கோயில். காய்கறிக் கடை. வெள்ளிக்கிழமை மயிலாப்பூர்.

காதர் பாய்: எந்த கியர்ல?

சேதுராமன்: மூணு. நாலு போட்டா வீட்டம்மா கைப்பிடியைப் பிடிச்சுக்கறா.

காதர் பாய்: இன்ஜின் சூடாகறதுக்குள்ள கோயில் வந்துடுது, கரி படியாம என்ன பண்ணும்? ரெண்டு ஃபில்டரையும் மாத்துங்க, டேங்க்கை ரொப்புங்க. வேணும்னா இந்த ஒரு பாட்டிலை ஊத்திட்டு, ஈசிஆர்ல மாமல்லபுரம் வரைக்கும் ஒரு மிதி மிதிச்சுட்டு வாங்க. அப்பவும் புகைஞ்சா மெக்கானிக்கிட்ட ஈஜிஆரைக் காட்டுங்க.

சேதுராமன்: மிதிக்கறதா? வீட்டம்மா?

காதர் பாய்: அவங்களுக்கு ஊத்த என்கிட்ட ஒண்ணும் இல்ல சார்.

(இரண்டு ஃபில்டர், ஒரு பாட்டில். பில் போடப்படுகிறது. சேதுராமன் பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறார், பாய் குறைக்கிறார். கிளம்பப் போனவர் நிற்கிறார்.)

சேதுராமன்: பாய், டிக்கில ஒரு கேன் இருக்கு. ஆன்லைன்ல தள்ளுபடியில வாங்கினேன், பத்து லிட்டர். டீசல் வண்டிக்குன்னு போட்டிருந்துது. நீல எழுத்து. இதையும் டேங்க் ரொப்பும்போது சேர்த்து...

காதர் பாய் (எழுந்து நின்று): ஆட்புளூவா?

சேதுராமன்: ஆங், அதேதான்!

காதர் பாய்: சார், அது டீசல் டேங்க்ல ஊத்தறது இல்ல! நூத்துக்கு முப்பத்திரண்டரை பங்கு யூரியா, மீதி சுத்தத் தண்ணி. புகையைச் சுத்தம் பண்ண பெரிய பிஎஸ் 6 லாரிக்கெல்லாம் தனி டேங்க்ல ஊத்துவாங்க. டீசலோட கலந்தா பம்ப்லேர்ந்து இன்ஜெக்டர் வரைக்கும் எல்லாம் போச்சு. ஊத்திட்டீங்களா?

சேதுராமன்: இல்ல இல்ல, மூடி திறக்க வரல.

காதர் பாய்: அல்ஹம்துலில்லாஹ்.

சேதுராமன்: அப்ப நீங்களே எடுத்துக்கிட்டு எந்த லாரிக்காரருக்காவது வித்துக் கொடுங்களேன். புது சரக்கு, சீல் உடையல. எனக்குப் பாதி விலை போதும்.

காதர் பாய்: எங்க வெச்சிருந்தீங்க?

சேதுராமன்: மொட்டை மாடில. நாலு மாசமா. நல்ல வெயில் படட்டும்னு.

காதர் பாய்: நாலு மாசம் மெட்ராஸ் வெயில்ல காஞ்சதை எந்த லாரிக்காரர் சார் வாங்குவார்?

சேதுராமன்: யூரியாதானே? அப்ப வீட்ல துளசிச் செடிக்கு ஊத்திடட்டுமா?

காதர் பாய்: துளசி என்ன பிஎஸ் 6-ஆ சார்?