ஐ.நா. தொடங்கியதல்ல அந்தப் பெண்கள் சங்கம்

"அமைதிக்கும் சுதந்திரத்துக்குமான சர்வதேச மகளிர் சங்கத்தை 1945இல் ஐ.நா. தொடங்கி, நாடுதோறும் கிளை வைத்தது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915 ஏப்ரலில், நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மாநாடு கூடினார்கள். அங்கே பிறந்ததுதான் இந்தச் சங்கம். எதிரெதிரே போரிட்ட ஜெர்மனி, பெல்ஜியம் பெண்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்தார்கள். பிரிட்டனிலிருந்து கிளம்பவிருந்த 180 பேருக்குக் கடல்வழி அடைபட்டது. அந்நாட்டிலிருந்து மூன்றே பேர்தான் கலந்துகொள்ள முடிந்தது. நாட்டுக்கு நாடு கிளைகள் இப்படிப் பெண்களின் முயற்சியால்தான் வளர்ந்தன, அரசு உத்தரவால் அல்ல. இப்போதைய பெயர் 1919 சூரிச் மாநாட்டில் வந்தது.

ஹேக் மாநாட்டுத் தலைவர் ஜேன் ஆடம்ஸ் 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார், 1935இல் காலமானார். அப்போது ஐ.நா.வே கிடையாது! நோபல் பரிசு இணையதளத்தில் அவர் பக்கத்தைப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.