‘பைமந்த்லி’ என்றால் மாதம் இருமுறை மட்டும்தானா?

“பைமந்த்லி என்றால் மாதம் இரண்டு தடவை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பது பிழையான ஆங்கிலம்.” வெள்ளவத்தைப் பெற்றோர் குழு ஒன்றில் இப்படியொரு வட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது சரியல்ல.

ஒக்ஸ்போர்ட், மெரியம் வெப்ஸ்டர் அகராதிகள் இரண்டு பொருளையுமே தருகின்றன. ‘பை’ என்ற லத்தீன் முன்னொட்டு ‘இரண்டு’ என்பதையும் குறிக்கும், ‘இருமுறை’ என்பதையும் குறிக்கும்; குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கியின் ‘பைமந்த்லி’ நாணயக் கொள்கை அறிக்கை ஆண்டுக்கு 6 தடவைதான் வருகிறது. அதைப் பிழை என்பீர்களா? ‘பைவீக்லி’க்கும் இதே சிக்கல்தான்.

ஆண்டுக் கணக்கில் மட்டும் ஆங்கிலம் பிரித்துச் சொல்கிறது. ‘பைஆனுவல்’ பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை, ‘பைஎனியல்’ ஈராண்டுக்கு ஒருமுறை.

எங்கள் தொடர்மாடியில் பராமரிப்புக் கட்டண அறிவித்தலில் வெறும் ‘பைமந்த்லி’ என்றிருந்தது. மேல்மாடி அன்ரி ஒரே மாதத்தில் இரண்டு தரம் கட்டிவிட்டார். ஓய்வூதியத்தில் வாழ்பவர், அந்தக் காசு திரும்பி வரும்வரை அவர் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். அதனால்தான் இந்தத் தகவலைக் கண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை.

பிள்ளைகளுக்குப் பொருள் இரண்டு என்றே சொல்லிக்கொடுங்கள். நீங்கள் எழுதும்போது பதினான்கு நாளுக்கு ஒருமுறை என்றால் ‘போர்ட்நைட்லி’ போடுங்கள். பதினான்கு இரவுகள் என்ற பழைய ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் அது, மயக்கமே இல்லை. தமிழில் இந்தத் தொல்லை கிடையாது: மாதமிருமுறை இதழ் வேறு, இருமாத இதழ் வேறு.