யார் உடுப்பத் திருப்பிக் கொண்டு வாறா எண்டு எண்ணுறீங்க, ஏன் எண்டு எண்ணினீங்களா?

அந்த வீடியோவ தயவுசெய்து இனி எனக்கு அனுப்ப வேணாம். பாத்துட்டன். அந்த உடுப்புக் கடைப் பேர எழுதவும் மாட்டன், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். வாங்கின சட்டய மாத்த வந்து கவுண்டரில நிண்டவ தன்ட நம்பரச் சொன்னதும் கேஷியர் புள்ள ஸ்க்ரீனப் பாத்துட்டு, "உங்கட நம்பர் சிவப்பில நிக்குது, இனி மாத்தித் தர ஏலாது" எண்டு கடை முழுக்கக் கேக்கச் சொன்னது, பின்னால நிண்ட சனம் சிரிச்சது, அவ பையச் சுருட்டிக் கக்கத்துக்குள்ள வச்சிக்கொண்டு வெளிக்கிட்டது. இவ்வளவுதான் வீடியோ. ஒவ்வொருத்தர்ட நம்பருக்கும் எத்தினை தரம் திருப்பிக் கொண்டு வந்தாங்க எண்டு கடைச் சிஸ்டம் எண்ணும், கூடினா சிவப்பு. அதுக்குக் கீழ நம்மட ஆக்கள் எழுதியிருக்கிற கமெண்ட்தான் என்ன எழுத வச்சது. "ஓசில உடுத்திப்போட்டுக் குடுக்க வந்திருக்கா", "படுவான்கரையில இருந்து வந்தா கடையே சொந்தமாக்கும்". படுவான்கரை எண்டா மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கத்து ஊர்கள். நல்லா இருக்கு, சிரிங்க.

கடைப் பக்கத்தையும் சொல்லிப்போட்டே துவங்குறன், இல்லாட்டி முதலாளிமாருக்கு எதிரி எண்டு பட்டம் கட்டிருவாங்க. திரும்பி வாற ஒரு சட்ட சும்மா ராக்கைக்குப் போறதில்ல. விரிச்சு வெளிச்சத்தில பாக்கணும். கக்கத்துத் தையல், கழுத்துப் பட்டி, கீழ் மடிப்பு மூணையும் தடவணும். அயன் பண்ணி மடிச்சு, புதுப் பொலித்தீன் போட்டு, டேக் அடிச்சு, திரும்பச் சிஸ்டத்தில ஏத்தணும். தீபாவளிக்கு முந்தின கிழமையில இதுக்கெண்டே ஒரு ஆள் நிக்கணும். அதோட, கொழும்பு புறக்கோட்டையில இருந்து மொத்தமா வாற உடுப்பு எம், எல், எக்ஸ்எல், டபிள் எக்ஸ்எல் எண்டு செட்டாத்தான் வரும். பண்டிகை முடிஞ்சு பத்து நாளைக்குப் பிறகு ஒரு எல் மட்டும் திரும்பி வந்தா, மத்த மூணும் வித்துப் போயிருக்கும். அந்த ஒத்தச் சட்ட அடுத்த தள்ளுபடி வரைக்கும் தொங்கும். நட்டம்தான், ஒத்துக்கொள்றன்.

நான் கேக்கிறது ஒரு கேள்வி. அது ஏன் திரும்பி வந்திச்சி?

இந்தக் கேள்விக்கு அந்தக் கடைச் சிஸ்டத்தில இடமே இல்ல. நம்பர் இருக்கு, தேதி இருக்கு, எத்தினை தரம் எண்டு இருக்கு, சிவப்பு இருக்கு. காரணம் எழுத ஒரு பெட்டி இல்ல.

எழுதினா என்ன வரும் எண்டு தெரிஞ்சுதான் வைக்கல்லயோ தெரியாது. சைஸ் எண்டுதான் வரும். ஒரு கம்பெனிட எல், மார்புச் சுற்று 38 அங்குலம். பக்கத்து ராக்கையில நிக்கிற மத்தக் கம்பெனிட எல் 41. ஒரே கம்பெனி, ஒரே ஆர்ட்டிகிள் (ஒரே டிசைன்), ஒரே எல், நிறம் மட்டும் வேற. அதிலயும் அரை அங்குலம், ஒரு அங்குலம் வித்தியாசம் வரும். துணிய அடுக்கடுக்காப் போட்டு மெஷின் கத்தியால வெட்டக்குள்ள, அடுக்கு உயரமாகி கத்தி கொஞ்சம் சாஞ்சா மேல் துண்டும் அடித் துண்டும் ஒரே அளவில வராது. மேலடுக்கில வந்த சட்ட ஒருத்திக்கு, அடியில வந்தது இன்னொருத்திக்கு. ரெண்டிலயும் லேபல் எல். விஸ்கோஸ் துணி எண்டா கேக்கவே வேணாம். 40 அங்குல உயரச் சட்ட முதல் தண்ணியில நூற்றுக்கு 5 சுருங்கினாலே 2 அங்குலம் மேல ஏறிரும். முட்டுக்குக் கீழ நிண்ட சட்ட முட்டுக்கு மேல வந்தா நம்மட ஊரில எந்தப் புள்ளைய உடுக்க விடுவாங்க?

காத்தான்குடி, கல்முனையில அபாயாக் கடைகள் இதில எவ்வளவோ மேல். 52, 54, 56 எண்டு லேபலில இருக்கிறது அங்குலத்தில உயரம். தோளில இருந்து நிலம் வரைக்கும் டேப்பப் பிடிச்சா முடிஞ்சி. மிச்சப் பிரச்சின தோளும் கையும்தான். சட்டைக்கும் சேட்டுக்கும் அந்த மாதிரி ஒரு அளவ அட்டையில எழுதித் தொங்க விட எவ்வளவு செலவாகும்? ஒரு அட்ட, ஒரு மார்க்கர்.

நிறம் அடுத்தது. வெள்ளை எல்ஈடி வெளிச்சத்தில மரூன் ஒரு மாதிரி, வெயில்ல ஒரு மாதிரி, வீட்டு மஞ்சள் பல்ப்புக்குக் கீழ இன்னொரு மாதிரி. நேவி நீலமும் கறுப்பும் கடைக்குள்ள ஒண்டுதான். சீலைக்கு ரவிக்கைத் துணி பொருத்த வாறவ வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாக்கக் கேட்டா, "வெளிய கொண்டு போக ஏலாது அக்கா". சரி, களவு போகும் எண்ட பயம், விளங்குது. அப்ப வாசல் பக்கமா ஒரு மேசைய வைங்களன். பஸ்ஸில வச்சுத்தான் அவ நிறத்தக் காணுறா.

உடுப்பப் போட்டுப் பாக்கிற ஃபிட்டோன் ரூமப் பத்தி எழுதத் துவங்கினா இந்தப் பதிவு முடியாது. முக்கால்வாசிக் கடையில அதுக்குள்ள பெட்டி அடுக்கியிருக்கு. இருந்தாலும் திரை ஒரு பக்கம் எட்டாது, கொழுவி இல்ல, உள்ளுக்கு லைட் இல்ல. வெள்ளை நிறம் போட்டுப் பாக்க ஏலாது, சின்னப் புள்ளைகள்ட உடுப்பு போட்டுப் பாக்க ஏலாது. போட்டுப் பாக்கவும் விடமாட்டீங்க, வீட்ட போட்டுப் பாத்துட்டு கொண்டு வந்தா சிவப்பு!

இப்ப கணக்குக்கு வாறன். ஒருத்தி வருசத்துக்கு 48 உருப்படி எடுத்து 9 திருப்புறா எண்டு வைங்க. நூற்றுக்கு 19. இன்னொருத்தி 4 எடுத்து 3 திருப்புறா. நூற்றுக்கு 75. "ஆறு தரத்துக்கு மேல மாத்தினா சிவப்பு" எண்டு சிஸ்டத்துக்குச் சொல்லி வச்சா முதல் ஆள் மாட்டுவா, ரெண்டாவது ஆள் பச்சையில நிப்பா. உங்கட கடையில 39 உருப்படிக்குக் காசு குடுத்தவளத்தான் நீங்க சனத்துக்கு முன்னால அவமானப்படுத்தி அனுப்புறீங்க. யாவாரம் தெரிஞ்ச ஆள் செய்யிற வேலையா இது?

அந்த 48 எப்படி வந்திச்சி எண்டும் பாருங்க. மண்டூர்ப் பக்கத்தில இருந்து பாதை (வாவியக் கடக்கிற மிதவை) ஏறிக் குருமண்வெளிக்கு வந்து, அங்க இருந்து பஸ்ஸெடுத்து டவுனுக்கு வாறவங்கள் இருக்காங்க. கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு பயணம் குறைஞ்சது உண்மை, ஆனா நினைச்ச நேரம் வந்து போற தூரமில்ல. அப்படி வாற ஒருத்தி தனக்கு மட்டும் வாங்க வாறதில்ல. புருசனுக்கு, மூணு புள்ளைக்கு, எழும்பி நடக்க ஏலாத மாமிக்கு, சில நேரம் பக்கத்து வீட்டு மச்சாளுக்கும். கவுண்டரில பைக்குள்ள இருந்து ஒரு வெள்ளை நூல எடுப்பாங்க, பாத்திருப்பீங்க. அதில மூணு முடிச்சு. முதல் முடிச்சு மாமிட நெஞ்சளவு, ரெண்டாவது மகள்ட தோளில இருந்து முட்டு, மூணாவது அவர்ட இடுப்பு. நூல நுனியில பிடிச்சு, நகத்தால முடிச்சத் தேடி, சட்டைக்கு மேல நீட்டி வச்சுப் பாப்பாங்க. சேல்ஸில நிக்கிற புள்ளைகள் அதப் பாத்து ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுச் சிரிக்கிறதும் நடக்கும்.

அந்த நூல்ல பிழை இருக்கு, நானே சொல்றன். நூல் இழுபடும். அதோட அது உடம்பு அளவு, உடுப்பு அளவில்ல. நெஞ்சு 36 எண்டா, இழுபடாத துணியில சட்ட 39, 40 இருந்தாத்தான் கைய உயர்த்தலாம். இத அந்த அம்மாக்குச் சொல்லிக் குடுக்க ஒரு நிமிசம் போதும். கவுண்டரில டேப் ஒண்டு தொங்கினா, "நூலில இருக்கிறதோட மூணரை அங்குலம் கூட்டிப் பாருங்கம்மா" எண்டா அந்தச் சட்ட திரும்பி வராது. சொல்றதுக்கு ஆளில்ல. ஆனா திரும்பி வந்தா எண்ணுறதுக்கு ஆளிருக்கு.

சப்பாத்தும் இப்படித்தான். பேப்பரில புள்ளைட காலக் கீறிக் கொண்டு வாறாங்க. குதியில இருந்து பெருவிரல் நுனி வரைக்கும் அளந்து, அதோட ஒரு சென்ரிமீட்டருக்குக் கொஞ்சம் கூட இடம் விடணும். ஐரோப்பிய நம்பரில ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் 7 மில்லிமீட்டர் கூட இல்ல, அதால பென்சில் சாஞ்சு கீறினாலே ஒரு நம்பர் மாறிரும். நிமிர்த்திப் பிடிச்சுக் கீறச் சொல்லுங்க, பின்னேரம் கால் கொஞ்சம் வீங்கின நேரம் கீறச் சொல்லுங்க. வட்ஸ்அப்பில ஓடர் எடுக்கிற கடைகள் இந்த ரெண்டு வரியப் போட்டாலே எவ்வளவோ குறையும்.

இப்ப கமெண்டுக்கு வாறன். "உடுத்திட்டுத்தான் கொண்டு வாறாங்க, உனக்கென்ன தெரியும்?"

தெரியும். கலியாணத்துக்கு உடுத்திட்டு திங்கக்கிழமை கொண்டு வாற ஆக்கள் இருக்காங்க, இல்லையெண்டு யார் சொன்ன? ஆனா அதக் கண்டுபிடிக்க நம்பர் தேவையில்ல, மூக்கு போதும். கக்கத்தில பவுடர் வெள்ளை, கழுத்துப் பட்டியில மேக்கப், அத்தர் வாசம், பிரியாணி வாசம், கீழ் மடிப்பில மண். சப்பாத்து எண்டா விரல் மடியிற இடத்தில குறுக்குச் சுருக்கம், அடியில கீறல். கண்டா அந்த உருப்படிய மட்டும் திருப்பி எடுக்காதீங்க, முகத்துக்கு நேர சொல்லுங்க, நானும் உங்கட பக்கம். அமெரிக்காவில புளூமிங்டேல்ஸ் எண்ட கடை 2013இல் விலை கூடின சட்டைகளுக்கு வெளிய தெரியிற இடத்தில கறுப்புப் பிளாஸ்டிக் துண்டொண்டு பூட்டிச்சி. கழட்டினா திரும்பப் பூட்ட ஏலாது, கழட்டினா சட்ட கடைக்குத் திரும்பாது. அதோட உடுத்திக்கொண்டு விருந்துக்கும் போக ஏலாது. நம்மட கடைகள்ல டேக்க கழுத்துக்குப் பின்னால உள்ளுக்குக் குத்துறாங்க. மடிச்சு உள்ள தள்ளிட்டு உடுக்கிறதுக்கு வசதியா. டேக் கன்னால அத நெஞ்சுப் பக்கம் குத்த எத்தினை ரூபா கூடப் போகும்?

"வெளிநாட்டிலயும் இப்படித்தானே செய்யிறாங்க." செய்யிறாங்க. அமெரிக்காவில பெஸ்ட் பை கடை, திருப்பிக் குடுக்க வாற ஆள்ட ட்ரைவிங் லைசன்ஸ ஸ்கேன் பண்ணி வெளிக் கம்பெனி ஒண்டுக்கு அனுப்பி, அந்தக் கம்பெனி வேணாம் எண்டா மறுத்ததுக்கு 2018இல் பெரிய சத்தமே வந்திச்சி. ஆனா அந்தக் கம்பெனிட்ட தன்னப் பத்தி என்ன பதிஞ்சிருக்கு எண்டு அந்த ஆள் கேட்டு எடுக்கலாம். பிரித்தானியாவில ஏசோஸ் எண்ட ஒன்லைன் உடுப்புக் கடை 2024இல் அடிக்கடி திருப்பிற ஆக்கள்ட்ட 3.95 பவுண் அறவிடத் துவங்கிச்சி, அதையும் 40 பவுணுக்குச் சாமான வச்சிக்கொண்டா விட்டாங்க. வச்சிக்கொண்டது எவ்வளவு எண்டும் பாத்தாங்க, கவனிங்க. அதோட அங்க ஒன்லைனில வாங்கினா 14 நாளுக்குள்ள வேணாம் எண்டு சொல்ல சட்டமே இருக்கு. நாம சிவப்ப மட்டும் இறக்குமதி செய்திருக்கம்.

"கடை அவங்கட, சட்டமும் அவங்கட." இல்ல ராசா. மனம் மாறித் திருப்பிக் கொண்டு வாறதுக்கு கடை வைக்கிறதுதான் சட்டம், அதில எனக்கு வாதமில்ல. பழுதான சாமான் வேற கதை. இலங்கைட 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தில இருந்து அது வேற கதைதான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வாங்கி மூணு மாசத்துக்குள்ள எழுத்தில முறைப்பாடு குடுக்கலாம், அந்தச் சபைட 1977 எண்ட நம்பருக்கு கோல் எடுக்கலாம். பில்லக் கேட்டா தரணும். பில் இல்லாம ஒண்டும் ஏலாது, அதால பில்ல எறியாதீங்க. வெயில் பட்டா எழுத்து அழியிற பில், போட்டோ எடுத்து வைங்க.

இப்ப அந்த வீடியோவத் திரும்பப் போட்டு, சத்தத்தக் கூட்டி வச்சுக் கேளுங்க. சிரிப்புக்கு நடுவில அவ என்ன சொல்றா? "சிப் பாதியில நிக்குது புள்ள." யாரும் கேக்கல்ல. ஒளிச்ச சிப் வச்ச சட்டைகள்ல இடுப்புத் தையல் வாற இடத்தில துணி நாலு அடுக்காத் தடிச்சு நிக்கும். அதக் குறைச்சு வெட்டி அமத்தி அயன் பண்ணாமத் தைச்சா சிப் அந்த இடத்தில ஏறாது. இழுத்தா பல்லு விலகும். அது தைச்சவன்ட பிழை. அதே ஆர்ட்டிகிள்ல இன்னும் எத்தினை சட்ட அப்படி வந்திருக்கு எண்டு கடைக்குத் தெரியுமா? தெரிய வழியில்ல, காரணம் எழுதுற பெட்டி இல்லையே. ஆர்ட்டிகிள் நம்பருக்கு நேர "சிப்" எண்டு மூணு தரம் எழுதியிருந்தா அந்தக் கட்டு முழுசையும் சப்ளையருக்குத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அதுக்குப் பதிலா ஒரு பொம்புளைய அனுப்பியிருக்கீங்க.

கேஷியர் புள்ளைலயும் எனக்குக் கோவமில்ல. திருப்பி எடுத்தா சில இடங்கள்ல விற்ற புள்ளைட கொமிஷன்ல கழிக்கிறாங்க. ஸ்க்ரீன் சொன்னத அது சொல்லிச்சி. மெதுவாச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

கோவம் கமெண்ட் எழுதின ஆம்புளைகள்லதான். உங்கட சேட் எப்பயாவது சைஸ் பிழைச்சிருக்கா? பிழைச்சிருக்கும். அதக் கொண்டுபோய் மாத்தினது யார்? வெயில்ல பஸ்ஸேறி, பில்லத் தேடி எடுத்து, முதலாளிட மூஞ்சப் பாத்து, "அவருக்குக் கழுத்து இறுக்கமாம்" எண்டு சொல்லி நிண்டது யார்ட நம்பரில பதிஞ்சிருக்கு? உங்கட வீட்டில ஆறு பேர்ட அளவயும் ஒரு தலைக்குள்ள வச்சிருக்கிற மனுசி அவ. ஆறு பேர்ட பிழையும் அவட நம்பரிலதான் ஏறும்.

கீழ வந்து "ஓசி" எண்டு எழுத நிக்கிற தம்பிமாருக்கு ஒரு சின்ன வேலை. உங்கட அம்மாட சட்ட அளவு, அங்குலத்தில, கேக்காம எழுதுங்க. மறுகா மத்தத எழுதுங்க.